தண்டவாளம் அறுபடும் இடங்கள்: ரயிலில் உலகம் சுற்ற விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்

ரயிலிலேயே நாடு நாடாகப் போக வேண்டும் என்ற ஆசை ஒருமுறை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. அந்த ஆசையோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பல ஆண்டுகள் ரயில்களில் அலைந்து கற்றுக்கொண்டதை வைத்து அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கால அட்டவணைகளும் எல்லை விதிகளும் அடிக்கடி மாறக்கூடியவை. புறப்படுவதற்கு முன் அந்தந்த ரயில்வேயின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலை மட்டுமே நம்பி உலகைச் சுற்றி வர முடியுமா?

முடியாது. உலகின் இருப்புப்பாதைகள் ஒரே வலையாகப் பின்னப்பட்டவை அல்ல. ஐரோப்பாவையும் ஆசியாவின் பெரும்பகுதியையும் சேர்த்தால் ஒரு பெரிய வலை கிடைக்கும். வட அமெரிக்கா தனி, ஆஸ்திரேலியா தனி, ஜப்பான் தனி. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பாதைகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் இருக்கும் டேரியன் காட்டில் சாலையே இல்லை என்னும்போது ரயிலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எனவே ரயிலில் உலகைச் சுற்றுவது என்றால், தண்டவாளம் இருக்கும் இடத்தில் ரயில், இல்லாத இடத்தில் கப்பலோ பஸ்ஸோ, வேறு வழியே இல்லாதபோது விமானம் என்றுதான் பொருள். இதில் குறை ஒன்றும் இல்லை. 1883 அக்டோபரில் பாரிஸிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்ட ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்கூட அப்படித்தான் போனது. பயணிகள் ருமேனியாவின் கியுர்கியுவில் இறங்கி, டான்யூப் நதியைப் படகில் கடந்து, பல்கேரியாவின் ரூசேயில் வேறு ரயில் பிடித்து வர்னா துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இன்றைய இஸ்தான்புல்லான கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார்கள். முழுத் தொலைவையும் ரயிலிலேயே கடக்கும் வசதி 1889-ல்தான் வந்தது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நெடும்பயணம் கெடுவது ஓடும் ரயிலில் அல்ல, ஒரு வலை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில். எல்லை நிலையம், தண்டவாளத்தின் அகலம் மாறும் இடம், துறைமுகம், ஒரே ஊரின் இரண்டு வெவ்வேறு நிலையங்கள் ஆகிய தையல்களை மட்டும் கெட்டியாகத் திட்டமிடுங்கள். நடுவில் உள்ளதைத் தளர்வாக விட்டுவிடலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கடல் குறுக்கிடாமல் போகக்கூடிய மிக நீண்ட பாதை எது?

போர்ச்சுகலின் தென்கடற்கரையில் தொடங்கி சிங்கப்பூரில் முடிவது. 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து லாவோஸின் தலைநகரான வியன்டியான் வரை புதிய பாதை திறக்கப்பட்டபோது, வரைபடத்தில் அந்தக் கோடு ஏறக்குறைய முழுமை பெற்றது. உலகெங்கும் ரயில் ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். அன்று நானும் வரைபடத்தை விரித்து வைத்து விரலாலேயே அந்தப் பயணத்தைப் போய்வந்தேன்.

ஆனால் வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே நடைமேடையில் ரயில் வந்து நிற்காது. லிஸ்பன்–மாட்ரிட் இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது. அண்டை நாடுகளின் தலைநகரங்களான அவ்விரண்டுக்கும் நடுவே அதன்பின் வழியில் ரயில் மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. பாரிஸ்–மாஸ்கோ ரயிலும் மாஸ்கோ–பெய்ஜிங் ரயிலும் அதே 2020-ல் நின்றன. ஹெல்சின்கியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்க்கொண்டிருந்த ரயில் 2022 மார்ச்சோடு நின்றுவிட்டது. துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான் வழியாகக் காஸ்பியன் கடலைக் கடந்து கஜகஸ்தான் போகும் தெற்கு வழியை நினைப்பவர்கள், அஜர்பைஜான் தன் தரைவழி எல்லைகளை 2020-ல் பயணிகளுக்கு மூடிவிட்டது என்பதை மனத்தில் வைத்து, திறந்துவிட்டதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

எனவே இப்போதைக்கு நான் சொல்வது, இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து துருக்கி வரை ஒன்று, சீனாவிலிருந்து சிங்கப்பூர் வரை மற்றொன்று. இரண்டாவது பாதி அருமையானது. குன்மிங்கிலிருந்து வியன்டியானுக்கு 1,035 கிலோமீட்டர்; நேரடிப் பயணிகள் ரயில் 2023 ஏப்ரலில் தொடங்கியது. வியன்டியானிலிருந்து பாங்காக்குக்கு 2024 ஜூலை முதல் நேரடி ரயில் இருக்கிறது. ஆனால் அது புறப்படுவது வேறு நிலையத்திலிருந்து. இரண்டுக்கும் இடையே சாலையில்தான் போக வேண்டும். நான் சொன்ன தையல்களில் இது ஒன்று. அரை நாள் ஒதுக்கிவிடுங்கள்.

ரயில் மாறாமல் ஒரே நாட்டுக்குள் போகும் நெடும்பயணம் வேண்டுமென்றால் சைபீரியப் பாதைதான். மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரை 9,289 கிலோமீட்டர். ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்.

எல்லையில் ரயில் ஏன் மணிக்கணக்கில் நிற்கிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று பாஸ்போர்ட் சோதனை. மற்றொன்று பலருக்குத் தெரியாதது. தண்டவாளங்களின் அகலம் நாட்டுக்கு நாடு வேறு.

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் சீனாவிலும் 1,435 மில்லிமீட்டர். ரஷ்யா, மங்கோலியா, மத்திய ஆசிய நாடுகளில் 1,520. ஸ்பெயின், போர்ச்சுகலின் பழைய பாதைகளில் 1,668. அயர்லாந்தில் 1,600. தாய்லாந்திலும் மலேசியாவிலும் 1,000. ஜப்பானின் சாதாரணப் பாதைகளில் 1,067. ரயில்வே பரவிய காலத்தில் ஒவ்வொரு நாடும், சில இடங்களில் ஒவ்வொரு நிறுவனமும், தனக்குத் தோன்றிய அகலத்தைத் தேர்ந்தெடுத்ததன் விளைவை நாம் இன்றும் எல்லையில் உட்கார்ந்து அனுபவிக்கிறோம்.

இதைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. சீன–மங்கோலிய எல்லையில் உள்ள எரென்ஹோட்டில் பெட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்து, பயணிகள் உள்ளே இருக்கும்போதே பளுதூக்கிகளால் உயர்த்தி, கீழிருக்கும் சக்கரத் தொகுதிகளை உருவிவிட்டு வேறு அகலத் தொகுதிகளைப் பொருத்துவார்கள். பெட்டி மெதுவாக மேலெழும்போது ஜன்னலுக்கு வெளியே பக்கத்துப் பெட்டியும் அதே உயரத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தூங்கிவிடாதீர்கள், இதைத் தவறவிடக் கூடாது. ஸ்பெயினில் வேறு நுட்பம். சில ரயில்கள் ஒரு கொட்டகைக்குள் ஆள் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ஊர்ந்து போகும்போதே சக்கரங்கள் அகலம் மாற்றிக்கொள்ளும். வியட்நாமின் வட எல்லையிலிருந்து ஹனோய் வரை மூன்று தண்டவாளங்கள் போட்டு, இரண்டு அகல ரயில்களையும் ஒரே பாதையில் விடுகிறார்கள். இந்த ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் பயணிகள்தான் இறங்கி ஏற வேண்டும்.

ஆஸ்திரேலியா ஒரே நாடாக இருந்தும் இந்தத் தொல்லையை நெடுங்காலம் பட்டது. சிட்னியிலிருந்து மெல்போர்ன் போகிறவர்கள் 1962 வரை மாநில எல்லையில் இருக்கும் ஆல்பரியில் இறங்கி வேறு ரயில் ஏறினார்கள். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு ஒரே அகலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1970-ல்தான்.

பாஸ்போர்ட் சோதனை எப்படி நடக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. லண்டனிலிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டாரில் ஏறுவதற்கு முன்பே, லண்டன் நிலையத்திலேயே, பிரெஞ்சு அதிகாரிகள் சோதனையை முடித்துவிடுகிறார்கள். சோஃபியாவிலிருந்து இஸ்தான்புல் போகும் இரவு ரயிலில் கபிகுலே எல்லையில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் எழுப்பி, எல்லோரையும் மூட்டை முடிச்சுகளோடு கீழே இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள். குளிருக்கான மேலாடையைத் தலைமாட்டிலேயே வைத்திருங்கள். எல்லையில் நிற்கும்போது பல ரயில்களில் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

விசா விஷயத்தில் ரயில் பயணிகள் செய்யும் பெரிய தவறு என்ன?

வழியில் இருக்கும் நாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது. விமானம் ஒரு நாட்டின் மேலே பறந்து போய்விடும். ரயில் அதற்குள் நுழைந்துதான் வெளியே வரும். நீங்கள் பெட்டியை விட்டு இறங்காவிட்டாலும், தூங்கிக்கொண்டே கடந்தாலும், அந்த நாட்டின் அனுமதி தேவைப்படலாம். பாதையை வரைபடத்தில் விரல் வைத்து எல்லை எல்லையாகத் தொடர்ந்து பாருங்கள்.

அடுத்த தவறு ஒருமுறை நுழைவு விசா. ஒரு நாட்டை விட்டு வெளியேறி, பக்கத்து நாட்டைப் பார்த்துவிட்டு, அதே நாட்டின் வழியாகவே திரும்புகிறீர்கள் என்றால் இருமுறை நுழைவு வேண்டும். தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கணக்கு உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் செர்பியாவும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட பயணம் என்றால் தாளில் எழுதி எண்ணிக்கொண்டே வாருங்கள்.

முதன்முதலாகப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஸ்விட்சர்லாந்தும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும். தயங்காமல் சொல்வேன். 1982 முதல் அங்கே ரயில்கள் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வந்து அதே நிமிடத்தில் புறப்படும்படி நாடு முழுவதுக்குமான அட்டவணை அமைந்திருக்கிறது. பெரிய சந்திப்புகளில் நான்கு பக்கமிருந்தும் ரயில்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, மாறுவதற்குச் சில நிமிடங்கள் தந்து, மறுபடி பிரிந்து போகும். ஒரு ரயிலை விட்டாலும் அடுத்தது விரைவிலேயே வரும் என்பதால் புதியவருக்கு அச்சம் போய்விடும். அங்கே பத்து நாள் பழகியவருக்கு மற்ற நாடுகளின் ரயில்வேயைப் படிக்கும் கண் வந்துவிடுகிறது.

ஜப்பானும் நல்ல தொடக்கம். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஷின்கான்சென்தான் உலகின் முதல் அதிவேக ரயில். முதல் பயணத்திலேயே பத்து நாடுகள் என்று பட்டியல் போடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மூன்று நாடு போதும்.

பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட்டா?

ஐரோப்பாவுக்கு இரண்டு பாஸ்கள் உண்டு. ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கு 1959-ல் தொடங்கிய யூரயில். வசிப்பவர்களுக்கு 1972-ல் தொடங்கிய இன்டர்ரயில். இரண்டும் 33 நாடுகளில் செல்லும்.

பாஸ் கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் ரயில்களுக்கு அது சரி. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்களிலும் எல்லா நாட்டு இரவு ரயில்களிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. சில ரயில்களில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென ஒதுக்கும் இடங்கள் குறைவு என்பதால், மற்ற டிக்கெட் இருக்கும்போதே அவை தீர்ந்துவிடும்.

தேதியும் ரயிலும் முன்பே முடிவானவர்களுக்குத் தனி டிக்கெட்டே மலிவு. காலையில் எழுந்து வானிலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்குப் பாஸ். நான் இரண்டாவது வகை. பணக் கணக்கில் சில சமயம் இழந்தாலும், திட்டத்தில் இல்லாத ஊரில் இறங்கிவிடும் அந்தச் சுதந்திரத்தை விட மனம் வரவில்லை.

டிக்கெட்டை எவ்வளவு முன்னதாக எடுக்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறு. சீனாவில் பொதுவாக 15 நாள் முன்புதான் விற்பனை திறக்கும். அதற்கு முன் யாராலும் வாங்க முடியாது. அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் ஏறத்தாழ 11 மாதம் முன்பே திறந்துவிடும். ஐரோப்பாவின் நெடுந்தொலைவு ரயில்களுக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம். இந்த வேறுபாட்டால் முழுப் பயணத்துக்கும் ஒரே மூச்சில் டிக்கெட் எடுத்து முடிக்க முடியாது. எந்த டிக்கெட் எந்தத் தேதியில் திறக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ரயில் படுக்கைகளையும் வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் ஓடும் ரயில்களையும் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். மணிக்கொரு ரயில் ஓடும் பாதைக்கு அவசரப்பட வேண்டாம். ஐரோப்பாவின் நேரங்களைப் பார்க்க ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் தளம் சிறந்தது. ஜெர்மனியைத் தொடாத ரயில்களின் நேரமும் பெரும்பாலும் அதில் கிடைக்கும். வாங்குவதை மட்டும் ரயிலை ஓட்டும் நிறுவனத்திடமே வாங்குங்கள். ஏதாவது தவறினால் இடைத்தரகருக்கும் ரயில்வேக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். பாஸ்போர்ட் எண் கேட்கும் நாடுகளில் பெயரும் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

இணைப்பு ரயில் தவறிவிட்டால் என்ன ஆகும்?

இரண்டு ரயில்களுக்கும் ஒரே டிக்கெட் எடுத்திருந்தால், உங்களைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் பெரும்பாலும் இழப்பு உங்களுடையது. எனவே முடிந்த இடத்திலெல்லாம் முழுத் தொலைவுக்கும் ஒரே டிக்கெட் எடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சேர வேண்டிய இடத்துக்கு 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 விழுக்காடும் ஈடாகக் கேட்கலாம். கடும் வானிலை போன்ற சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. தாமதமான ரயிலிலேயே பரிசோதகரைக் கண்டு, தாமதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம். அடுத்த ரயிலில் ஏற அந்தத் துண்டுச்சீட்டு பலமுறை எனக்கு உதவியிருக்கிறது.

அட்டவணை எட்டு நிமிட இணைப்பைக் காட்டினால் அதற்கு அடுத்த ரயிலையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரயில் மறுநாள்தான் என்றால் அந்த இணைப்பை நம்ப வேண்டாம், அந்த ஊரில் ஓர் இரவு தங்குங்கள்.

சரியான ரயிலில் ஏறியும் தவறான ஊருக்குப் போய்விட முடியுமா?

முடியும். எனக்கு நேர்ந்தது. பல நாடுகளில் ஒரே ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். இரவு ரயில்களில் இது மிகவும் சாதாரணம். என் முதல் நெடும்பயணத்தில் பின்னால் ஓடிவந்து கிடைத்த கதவில் ஏறி, காலியாக இருந்த இருக்கையில் அமர்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்தபோது மலைகளைக் காண வேண்டிய ஜன்னலில் சமவெளி ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் திரும்பிப் போவதிலேயே கழிந்தது.

கதவுக்குப் பக்கத்தில் பெட்டி எண்ணோடு அந்தப் பெட்டி எங்கே போகிறது என்றும் எழுதியிருப்பார்கள். ஏறும் முன் ஊர்ப் பெயரை வாசித்துவிடுங்கள். ரயில் ஓடத் தொடங்கியபின் உள்ளேயே நடந்து உங்கள் பெட்டிக்குப் போய்விடலாம் என்று நம்ப வேண்டாம், இணைப்புக் கதவு இல்லாத ரயில்களும் உண்டு.

இரவு ரயிலில் எந்த வகுப்பு?

இருக்கை வேண்டாம். ஓர் இரவைச் சேமித்து அடுத்த பகலை இழப்பீர்கள். ஐரோப்பாவில் நான்கு அல்லது ஆறு பேர் படுக்கும் பகிர்வு அறைகளும், ஒன்று முதல் மூன்று பேருக்கான படுக்கை அறைகளும் உண்டு. ஜெர்மன் ரயில்வே தன் படுக்கை ரயில்களை 2016-ல் கைவிட்டபோது இரவு ரயில்களின் காலம் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். ஆஸ்திரிய ரயில்வே அவற்றில் பலவற்றை ஏற்று நைட்ஜெட் என்ற பெயரில் ஓட்டத் தொடங்கியது. இன்று அவற்றில் படுக்கை கிடைப்பதே கடினமாக இருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சீனாவில் மூன்று அடுக்குகளில் ஆறு பேருக்கான வகுப்பும், கதவுள்ள நான்கு பேர் அறையும் உண்டு. ரஷ்யாவில் கதவில்லாத திறந்த பெட்டியில் 54 படுக்கைகள். பேசிப் பழக விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை; ஐந்தாம் நாள் உங்கள் வாழ்க்கைக் கதை பெட்டி முழுவதற்கும் தெரிந்திருக்கும். பெட்டியின் கோடியில் எப்போதும் வெந்நீர் கிடைக்கும். பகலிலும் கால் நீட்ட வேண்டுமென்றால் மேல் படுக்கை, முதியவர்களுக்குக் கீழ்.

குளிக்க வசதி இருக்குமா?

உயர்ந்த வகுப்பில் சில ரயில்களில் உண்டு. மற்றவற்றில் ஈரத்துணிதான். பெரிய நிலையங்கள் சிலவற்றில் கட்டணக் குளியலறை இருக்கும்.

எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

ஒரு கையால் தூக்கிக்கொண்டு படியேறக்கூடிய அளவு. நடைமேடை தாழ்வாகவும் ரயிலின் படி உயரமாகவும் இருக்கும் நாடுகள் பல. ஜப்பானில் ஒசாகா பக்கம் போகும் ஷின்கான்சென்களில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கான இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். ஸ்பெயினின் அதிவேக ரயில்களுக்கும் யூரோஸ்டாருக்கும் சாமான் சோதனை உண்டு. புறப்படும் நிமிடத்தில் ஓடிப்போய் ஏற முடியாது.

திருட்டு பயம்?

ஓடும் ரயிலைவிட நிற்கும் நிலையத்தில்தான் கவனம் தேவை. பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு இருக்கட்டும். படுக்கும் முன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைப் போடுங்கள்.

கடிகாரத்தை எப்படிச் சமாளிப்பது?

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் பெரும்பாலும் அந்தந்த நிலையத்தின் உள்ளூர் நேரம். ரஷ்யாவில் மட்டும் நெடுங்காலம் நாடு முழுவதும் மாஸ்கோ நேரத்திலேயே அட்டவணை இருந்தது. விளாடிவோஸ்டாக்கில் ஏறுகிறவர் ஏழு மணி நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்ட் முதல் அங்கும் உள்ளூர் நேரம் வந்துவிட்டது. பழைய குறிப்புகளை நம்பாதீர்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்ற ஏற்பாட்டையே நமக்குத் தந்தது ரயில்தான். அதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்தது. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-ல் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லண்டன் நேரத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்க, கனடிய ரயில்வேக்கள் 1883 நவம்பர் 18 அன்று நேர மண்டலங்களுக்கு மாறின.

திபெத்துக்கு ரயிலில் போனால் மூச்சுத் திணறுமா?

சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். 2006-ல் திறந்த கோல்முட்–லாசா பாதை தாங்குலா கணவாயில் 5,072 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. உலகில் இதைவிட உயரத்தில் பயணிகள் ரயில் ஓடுவதில்லை. பெட்டிகளுக்குள் ஆக்ஸிஜன் செலுத்துகிறார்கள். படுக்கையருகே குழாய் மாட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. ரயிலில் போவதால் உடம்பு தானாகப் பழகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. ஒரே நாளில் அவ்வளவு உயரம் ஏறுவது பழகுவதற்குப் போதாது. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷினிங்கில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஏறுங்கள். இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். வெளிநாட்டவருக்குத் தனி அனுமதிச்சீட்டும் தேவை.

வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ரயில் பயணம் எப்படி?

மெதுவானது, மகத்தானது. டொரோண்டோவிலிருந்து வான்கூவர் வரை 4,466 கிலோமீட்டர், நான்கு இரவுகள். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள எமரிவில் வரை 3,924 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். இந்த நாடுகளில் தண்டவாளங்களில் பெரும்பகுதி சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. நீண்ட சரக்கு ரயிலுக்கு வழிவிட்டுப் பயணிகள் ரயில் ஒதுங்கி நிற்பதை அடிக்கடி பார்ப்பீர்கள், தாமதம் மணிக்கணக்கிலும் போகும். போய்ச் சேரும் நாளிலேயே கப்பலோ விமானமோ பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

சிட்னி–பெர்த் ரயிலான இந்தியன் பசிபிக் 4,352 கிலோமீட்டர் போகிறது. வழியில் நல்லார்போர் சமவெளியில் 478 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு, உலகிலேயே நீளமானது. பார்க்க ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். மாலையில் அந்தச் சமவெளியின் மீது வெளிச்சம் மாறுவதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும்?

பெரும்பாலான பாதைகள் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு இறக்கவே போடப்பட்டவை. அதனால்தான் நாடுகளை இணைக்காமல் கடலை நோக்கியே ஓடுகின்றன. தென் அமெரிக்காவில் ரயிலை மையமாக வைத்துப் பயணம் அமைக்காதீர்கள். பஸ் பயணத்தின் நடுவே கிடைக்கும் ரயில்களை அனுபவியுங்கள். ஆப்பிரிக்காவில் மொராக்கோ எளிது. டான்ஜியர்–காசாபிளாங்கா இடையே 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் கபிரி இம்போஷி வரை 1,860 கிலோமீட்டர் போகும் தசாரா பாதை 1970-களில் சீன உதவியோடு கட்டப்பட்டது. அதில் போக நினைப்பவர்கள் கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலை எப்படிக் கடப்பது?

ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் 1994 முதல் சுரங்கம் இருக்கிறது, 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜப்பானின் ஹொன்ஷுவையும் ஹொக்கைடோவையும் இணைக்கும் சேய்கான் சுரங்கம் 1988-ல் திறந்தது. இஸ்தான்புல்லில் 2013 முதல் மர்மராய் ரயில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கடலடியில் சில நிமிடங்களில் போகிறது. இத்தாலியில் மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் தள்ளி ஏற்றி சிசிலிக்குக் கொண்டுபோகிறார்கள். இன்னும் மிஞ்சியிருக்கும் வெகு சில ரயில் கப்பல்களில் அது ஒன்று.

அட்லாண்டிக்குக்கு சவுதாம்ப்டன்–நியூயார்க் இடையே குவீன் மேரி 2 கப்பல் இருக்கிறது, பெரும்பாலும் ஏழு இரவுகள். பசிபிக்குக்கு வழக்கமான பயணிகள் கப்பல் இல்லை, விமானம்தான். காஸ்பியனில் ஓடுவது சரக்குக் கப்பல். சுமை நிறையும்போது புறப்படும். அதற்கு அட்டவணை கேட்காதீர்கள், நாட்களை ஒதுக்குங்கள்.

விமானத்தைவிடச் செலவு குறையுமா?

நெடுந்தொலைவுக்குப் பெரும்பாலும் கூடும். இரவு ரயிலில் விடுதிச் செலவு மிச்சமாகும் என்றாலும் மொத்தத்தில் கூடும். சுற்றுச்சூழலுக்காக ரயிலைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு, அதுவும் மின்சார ரயிலுக்கு, அந்தக் காரணம் நன்றாகவே நிற்கிறது. செலவைக் காரணமாகச் சொல்லி மட்டும் தொடங்காதீர்கள்.

சொகுசு ரயில்கள் அவ்வளவு விலைக்குத் தகுமா?

பழமையான மரவேலையையும் உபசரிப்பையும் நேசிக்கிறவர்களுக்குத் தகலாம். நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே உங்களைப் போன்ற பயணிகளைத்தான் சந்திப்பீர்கள். அதே மலையை அதே ஜன்னலில் காட்டும் சாதாரண ரயிலில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களும் ஏறி இறங்குவார்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் போக முடியுமா?

பல நாடுகளில் முடியும், முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உதவி வேண்டுவோர் பொதுவாக 24 மணி நேரம் முன்பு அறிவித்தால் ஏற்றி இறக்கும் உதவி கிடைக்கும். பழைய இரவு ரயில் பெட்டிகளின் குறுகிய வழியில் சக்கர நாற்காலி நுழையாது. டிக்கெட்டுக்கு முன் பெட்டி வகையைக் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

ஆறு மணி நேரம் பகலில், மூன்று நாளுக்கு ஒருமுறை ஓய்வு. தொடர்ந்து இரண்டு இரவு ரயில்கள் வேண்டாம். எல்லையைக் கடந்த மறுநாளை வெறுமனே விடுங்கள். துணி துவைக்கவும், டிக்கெட் எடுக்கவும், முந்தைய தாமதம் ஏதாவது இருந்தால் அதை விழுங்கவும் அந்த நாள் தேவைப்படும்.

ஜன்னலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும்போது ஃபூஜி மலை வலப்பக்கம். லண்டனிலிருந்து பென்சான்ஸ் போகும்போது டாலிஷ் கடற்கரை இடப்பக்கம், அலை தண்டவாளத்துக்கு அருகிலேயே மோதும். செயின்ட் மோரிட்ஸிலிருந்து டிரானோவுக்கு இறங்கும் பெர்னினா ரயிலில் வலப்பக்கம். பல்சக்கரம் இல்லாமலேயே 2,253 மீட்டர் வரை ஏறி இறங்கும் அந்தப் பாதையில் பனியாறும் ஏரியும் அந்தப் பக்கம்தான் வரும்.

சைபீரியப் பாதையில் போக வாய்ப்பு அமைந்தால் பைகால் ஏரியைத் தூங்கித் தவறவிட்டுவிடாதீர்கள். ஏரியின் தென்கரையைச் சுற்றிப் பாதை அமையும் வரை அங்கேயும் ஒரு தையல் இருந்தது. இங்கிலாந்தில் கட்டித் துண்டு துண்டாகக் கொண்டுவந்து கரையில் பொருத்திய பனியுடைப்புக் கப்பல் ரயில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்த்தது. 1904-ன் குளிர்காலத்தில், ஜப்பானோடு போர் மூண்டபோது, உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டுப் பெட்டிகளைக் குதிரைகளால் இழுத்தார்கள். இப்போது ரயில் சில மணி நேரம் தண்ணீரை ஒட்டியே ஓடும். இர்குட்ஸ்கிலிருந்து கிழக்கே போனால் இடப்பக்கம்.